பழசானது எக்ஸ்சேஞ்ச் இல்லீங்க, உள்ளே இருந்த சந்து!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். கடைசி வருஷம். ஒரு சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்தால் எது தலை, எது கால் என்று தெரியாது. "உனக்கெதுக்கும்மா இந்த வேலை, போய் பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணு" என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிட்டுப் போகலாம். நான் இதை எழுதுவதே பேலன்ஸ் ஷீட்டால்தான். எப்படி என்று போகப் போகத் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் கருங்குழி. (வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்ததாகச் சொல்வார்களே, அந்தக் கருங்குழி வடலூர் பக்கம், கடலூர் மாவட்டம். எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகத்துக்கு முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும். ஊர் பேர் சொன்னதும் கை கூப்புகிறவர்களுக்காக இந்த விளக்கம். நமக்கு அவ்வளவு பாக்கியம் இல்லை.)

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி மாமா வீடு. தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்தவர். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.-லிலிருந்து 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தார்கள் இல்லையா, அதில் மாமாவும் ஒருவர். அவர் வீட்டு ஹாலில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கார்டு ஆணியில் தொங்கும். பழைய எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் லைன் கார்டு. திருடிக்கொண்டு வந்தது எல்லாம் இல்லை. காயலான் கடையில் எடைக்கு வந்து கிடந்ததைப் பார்த்து, காசு கொடுத்து வாங்கி வந்தார். "இதுல எட்டு வீடு இருந்துச்சு பாப்பா" என்பார். எட்டு சந்தாதாரர்களின் லைன் ஒரு கார்டில் வரும், அதைத்தான் அப்படிச் சொல்வார்.

அன்றைக்குப் பெரியம்மா பையனும் வந்திருந்தான். எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியரிங் நாலாம் வருஷம். அண்ணன்தான், பாசமானவன்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. கார்டைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"இதெல்லாம் கட்டை வண்டி டெக்னாலஜி மாமா. கார்டுக்குக் கார்டு 64 கிலோபிட்ல மெசேஜ் அனுப்பிட்டு இருந்தாங்க. இன்னைக்கு என் ஹாஸ்டல் ரூம்ல கெடக்குற ஈதர்நெட் வயர் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம். மொத்தமா தூக்கிக் கடாசுனது நல்லதுதான்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. "கரும்பு சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. ஏனென்றால் அண்ணன் சொன்ன முதல் ரெண்டு வாக்கியமும் உண்மை. மூன்றாவது வாக்கியம் தப்பு. முதல் ரெண்டிலிருந்து மூன்றாவதுக்கு எப்படித் தாவினான் என்பதுதான் என் சண்டை. ஈதர்நெட் அவ்வளவு வேகம் என்றால் அதை அந்த ரேக்குக்குள் கொண்டு வந்து மாட்ட வேண்டியதுதானே? ரேக்கை ஏன் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும்?

சரி, மேட்டருக்கு வருவோம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், பொட்டி தட்டுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளவும்.

ஒரு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுக்குள் ரெண்டு வகைப் போக்குவரத்து. ஒன்று, நாம் பேசுகிற பேச்சு. நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக மாற்றினால் நொடிக்கு 64 கிலோபிட். இந்த 64 என்கிற எண்தான் பழைய டெலிகாம் உலகத்தின் படி, உழக்கு எல்லாம். இன்னொன்று, கார்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. "ஏழாம் நம்பர் வீட்டில் ரிசீவரை எடுத்துட்டாங்க", "டயல் டோன் கொடு", "2 அடிச்சாங்க, 7 அடிச்சாங்க", "அந்தப் பக்கம் மணி அடி", "வெச்சுட்டாங்க, பில்லை நிறுத்து". கல்யாணப் பந்தியில் சாதம் தள்ளுவண்டியில் வரும். "நாலாவது இலைக்கு ரசம்" என்கிற தகவல் ஒரு பையன் ஓடிப்போய்ச் சொல்லித்தான் சமையல்கட்டுக்குப் போகும். தள்ளுவண்டி எத்தனை இருந்தாலும் அந்தப் பையன் ஒரு குறுகலான சந்து வழியாகத்தான் ஓட வேண்டும் என்றால் பந்தி எப்படி நடக்கும்? அதுதான் இங்கேயும் கதை.

மாமாவின் கார்டு வந்தது சி-டாட் வடிவமைத்த எக்ஸ்சேஞ்சிலிருந்து. எட்டு லைனுக்கு ஒரு கார்டு, 16 கார்டு சேர்ந்தால் 128 முனைகள் கொண்ட ஒரு அலகு, அப்படி நாலு அலகு சேர்ந்து 512 முனைகள் கொண்ட ஒரு பேஸ் மாட்யூல். இவற்றுக்கு நடுவில் தகவல் போகிற வழி, எச்.டி.எல்.சி. என்கிற விதிமுறைப்படி, அதே 64 கிலோபிட் இணைப்புகளில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. (கணக்கு போடாமல் பி.காம். காரியால் எப்படி ஒரு பக்கம் எழுத முடியும்?) ஒரு தகவல் 64 பைட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 512 பிட். 64 கிலோபிட் வழியில் அது போய்ச் சேர 8 மில்லி நொடி. ஒரு அழைப்புக்கு இப்படி 20 தகவல்கள் போகும் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் 160 மில்லி நொடி. அப்படியானால் ஒரு இணைப்பு நொடிக்கு ஆறு அழைப்புக்கு மேல் தாங்காது. இதே 64 பைட், நொடிக்கு 100 மெகாபிட் ஈதர்நெட்டில், முன்னால் பின்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தே 6.72 மைக்ரோ நொடி. 20 தகவலுக்கு 134 மைக்ரோ நொடி சொச்சம். நொடிக்கு 7,400 அழைப்புக்கான தகவல் போகும்.

ஆறு எங்கே, ஏழாயிரம் எங்கே! ஊரே பண்டிகை நாள் காலையில் ஒரே நேரத்தில் ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் ஏன் யோசித்து யோசித்து வரும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ("பாதிப் புகாருக்கு எக்ஸ்சேஞ்சே காரணமில்ல பாப்பா, மழை பேஞ்சா வெளியில கேபிள் குழிக்குள்ள தண்ணி" என்று மாமா குறுக்கே ஒரு திருத்தம் போட்டார். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

அப்படியானால் சி-டாட் ஆட்கள் என்ன, விவரம் கெட்டவர்களா? இங்கேதான் அண்ணனைப் போன்றவர்கள் மீது எனக்குக் கோபம். 1984 ஆகஸ்டில் சி-டாட் தொடங்கியபோது கையில் கொடுத்தது 36 கோடி ரூபாய், 36 மாதம். சாம் பிட்ரோடாவின் கணக்கு அது. 1986-லேயே கர்நாடகத்தில் கிட்டூர் என்கிற ஊரில் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், 128 முனைகள், வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஏ.சி. வேண்டாம். நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் மின்விசிறி இல்லாத அறையில் ஓடியது. அந்த வருஷங்களில் ஈதர்நெட் என்ன நிலையில் இருந்தது தெரியுமா? ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973-இல் குறிப்பு எழுதி, அவரும் டேவிட் பாக்ஸும் ஓட்டிக் காட்டியது நொடிக்கு 2.94 மெகாபிட்டில். அது 10 மெகாபிட்டாகி, உலகப் பொதுத் தரமாக எழுதப்பட்டதே 1983-இல்தான். தடிமனான கேபிள், அதைக் கவ்விப் பிடிக்கிற டப்பாக்கள். அதை ஒரு ரேக்குக்குள் கார்டுக்குக் கார்டு இழுப்பது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. 64 கிலோபிட்டோ பேச்சுக்காக ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று. அதிலேயே ஒரு பங்கை எடுத்துத் தகவலுக்கும் கொடுத்துவிட்டார்கள். மூளையாக இருந்ததும் மோட்டரோலா 68000 குடும்பத்துச் சிப். அதற்கு அந்த வேகமே போதும். 1984-இல் எடுத்த சரியான முடிவை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்த்துச் சிரிப்பது ரொம்ப சுலபம்.

என் கேள்வி 1984-ஐப் பற்றியது இல்லை. அதற்கப்புறம் வந்த இருபது வருஷத்தைப் பற்றியது.

1990-இல் சாதாரண முறுக்குக் கம்பியிலேயே 10 மெகாபிட் போக வழி வந்தது. 1995-இல் 100. 1998-இல் 1,000. வேகம் இத்தனை முறை மாறியும் ஒரு விஷயம் மாறவில்லை: அந்தத் தகவல் பொட்டலத்தின் வடிவம். பெறுநர் விலாசம் இத்தனை பைட், அனுப்புநர் விலாசம் இத்தனை பைட், உள்ளே சரக்கு, கடைசியில் சரிபார்ப்பு. சாலையை அகலப்படுத்தினார்கள், லாரியை மாற்றச் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஈதர்நெட் சிப் என்று கோடிக்கணக்கில் செய்ததால் அதன் விலை தரைக்கு வந்தது. டெலிகாம் கம்பெனிகள் தங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் என்று தனியாகச் செய்த தகவல் வழிகளோ சில ஆயிரம் எண்ணிக்கையில் விற்றால் பெரிது. ஆக்கச் செலவுப் பாடத்தில் முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுப்பார்கள், நிலைச் செலவை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் விலை. இதற்கு என்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் டெலிகாம் பெரியவர்களுக்கு ஈதர்நெட் என்றால் ஒரு இளக்காரம் இருந்தது. ஆபீஸில் பிரிண்டரை இணைக்கிற சமாச்சாரம், அது போய் எங்கள் எக்ஸ்சேஞ்சிலா? ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதிக்கொள்ளும், அப்புறம் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசும், எப்போது போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கிடையாது என்பது வாதம். ஒரே கேபிளை எல்லாரும் பகிர்ந்துகொண்ட காலத்தில் இது நூறு சதம் நியாயமான வாதம். ஆனால் நடுவில் ஸ்விட்ச் வைத்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி, போக ஒன்று வர ஒன்று என்று 1990-களிலேயே ஆகிவிட்டது. மோதலே கிடையாது. அதற்கப்புறமும் "மோதும், மோதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது, ரெண்டு வழிச் சாலை போட்ட பிறகும் ஒற்றையடிப் பாதை ஞாபகத்தில் ஹார்ன் அடிப்பது மாதிரி.

கடைசியில் அந்தப் பெரியவர்களின் தொழிலே ஒத்துக்கொண்டது. 2001-இல் ஒரு தொழில்துறைத் தரம் வந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கிற கார்டுகள் பின்னால் உள்ள பேக்பிளேன் வழியாக ஈதர்நெட்டில் பேசிக்கொள்ளலாம் என்று. 2002 முடிவில் அட்வான்ஸ்டு டி.சி.ஏ. என்று டெலிகாமுக்கென்றே அடுத்த தரம். அதில் கார்டுகளுக்கு நடுவில் கட்டுப்பாட்டுத் தகவல் போக ஈதர்நெட்தான் அடிப்படை, அதுவும் ஒன்று செத்தால் இன்னொன்று என்று ரெட்டை வழி. இளக்காரம் பேசியவர்கள் அப்புறம் சத்தமே காட்டவில்லை.

இங்கே என் கட்சியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். சந்தை அகலப்படுத்தினால் மட்டும் பந்தி வேகமாகிவிடாது. 100 மெகாபிட்டில் நொடிக்கு 1,48,000-க்கும் மேல் சின்னப் பொட்டலங்கள் வந்து விழ முடியும். 1980-களின் சிப் ஒன்று அத்தனைக்கும் "யாரது?" என்று திரும்பிப் பார்த்தால் வேறு எந்த வேலையும் செய்யாது. எச்.டி.எல்.சி. இணைப்பில் தகவல் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்குகிற பொறுப்பு அந்த விதிமுறைக்குள்ளேயே உண்டு. ஈதர்நெட்டோ கூட்டம் அதிகமானால் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதற்கு மேலே ஒரு மென்பொருள் கணக்குப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, வந்தது வராதது எண்ண வேண்டும்.

இதைவிடப் பயங்கரமான கதை ஒன்று உண்டு. 1990 ஜனவரி 15. அமெரிக்காவில் ஏ.டி.&டி. கம்பெனியின் தொலைதூர எக்ஸ்சேஞ்சுகள், நூற்றுக்கும் மேல், ஒன்றை ஒன்று சாய்த்துக்கொண்டு விழுந்தன. நியூயார்க்கில் ஒரு எக்ஸ்சேஞ்ச் சின்னக் கோளாறில் தன்னைத் தானே நிறுத்தி, சரி செய்துகொண்டு, "நான் வந்துட்டேன்" என்று பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தகவல் அனுப்பியது. அந்தத் தகவலை வாங்கிப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள், ரெண்டாவது தகவல் வந்தால் மென்பொருளில் தப்பான இடத்தில் இருந்த ஒரு வரி குழப்பிவிட்டது. பக்கத்து எக்ஸ்சேஞ்ச் விழுந்து, எழுந்து, "நான் வந்துட்டேன்" என்று அதன் பக்கத்துக்குச் சொல்லி, அதுவும் விழுந்து... சுமார் 9 மணி நேரம். கோடிக்கணக்கான அழைப்புகள் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த வரி வந்ததே, எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவில் தகவல் வேகமாகப் போகட்டும் என்று சில வாரம் முன்னால் 1989 டிசம்பரில் ஏற்றிய புது மென்பொருளில்.

"பாத்தியா, வேகம் ஆபத்துன்னு நீயே சொல்ற" என்று அண்ணன் உடனே பிடித்துக்கொண்டான். இல்லை. அங்கே உடைந்தது சாலை இல்லை, சாலை முனையில் உட்கார்ந்திருந்த ஆள். கணக்கு எழுதும்போது ரெண்டாவது வவுச்சர் வந்தால் முதல் வவுச்சரைக் கிழித்துப் போடுகிற குமாஸ்தாவை வைத்துக்கொண்டு தபால்காரரை மெதுவாக வரச் சொல்ல முடியுமா?

சரி, இந்தியாவில் என்ன நடந்தது? இதைச் சொன்னதும்தான் அண்ணன் கொஞ்சம் வாயை மூடினான். சி-டாட்டே இந்த வேலையைச் செய்தது. பேர் மேக்ஸ்-என்.ஜி. பழைய மேக்ஸ் எக்ஸ்சேஞ்சில் லைன் கார்டுகள், ரேக், வெளியே வீடுகளுக்குப் போகிற கம்பிகள் கட்டியிருக்கிற சட்டம் இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றை ஆட்டுவிக்கிற மூளைப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதிய கார்டு போட்டு, ஐ.பி. வலையோடு கோர்த்துவிடலாம் என்பதுதான் யோசனை. ஒவ்வொரு லைன் கார்டுக்கும் தனித்தனியாக ஈதர்நெட் இழுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கார்டுக் கூட்டத்திலிருந்து வெளியே போகிற வழி மாறியது, அவ்வளவுதான். அவ்வளவே போதுமாக இருந்தது. அதே பழைய கார்டு, அதே பழைய செம்புக் கம்பி, அதே எட்டு வீடு, ஆனால் புது வலையின் வசதிகள். கட்டை வண்டி என்றாயே அண்ணா, அந்தக் கட்டை வண்டியின் சக்கரம் இன்னும் உருளத் தகுதியாகத்தான் இருந்திருக்கிறது!

என் வயிற்றெரிச்சல் தேதியில். மேக்ஸ்-என்.ஜி. களத்துக்கு வந்தது 2010-களின் நடுவில். கார்டுகளுக்கு நடுவில் ஈதர்நெட் என்று உலகத் தரம் எழுதியாகிவிட்டது 2001, 2002-லேயே. நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம். 2007-இல் நாட்டில் சுமார் 4 கோடி தரைவழி இணைப்புகள். 2015 முடிவில் சுமார் இரண்டரைக் கோடி. செல்போன் வந்ததால் குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன், எக்ஸ்சேஞ்சுக்குள் என்ன மாற்றியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் பந்தியில் பாதிப் பேர் எழுந்து போன பிறகு சந்தை இடித்து அகலமாக்கியதில் யாருக்கு லாபம்?

ஏன் இவ்வளவு தாமதம்? இங்கேதான் பேலன்ஸ் ஷீட். கம்பெனிகள் சட்டம் 2013, அட்டவணை 2-ஐ எடுத்துப் பாருங்கள் (எங்களுக்குப் பரீட்சைக்கு உண்டு, அதனால் மனப்பாடம்). எந்தச் சொத்துக்கு எத்தனை வருஷம் ஆயுள் என்று போட்டிருக்கும். டெலிகாம் ஸ்விட்ச்சிங் சென்டர் 13 வருஷம். தரைக்கடிக் குழாய், கேபிள் 18 வருஷம். சர்வர், நெட்வொர்க் 6 வருஷம். இப்போது சொல்லுங்கள், மாமாவின் எக்ஸ்சேஞ்ச் இதில் எது? லைன் கார்டும் ரேக்கும் 13 வருஷமும் உழைக்கும், மேலேயும் உழைக்கும். உள்ளே இருக்கிற மூளையும் தகவல் வழியும் சர்வர் ஜாதி. ஆறு வருஷத்தில் கிழடு தட்டிவிடும். ரெண்டையும் ஒரே பேரேட்டில் "எக்ஸ்சேஞ்ச், ஒன்று" என்று எழுதினால், ஆறு வருஷப் பொருளைப் பதிமூன்று வருஷம் கட்டி இழுப்போம். அப்புறம் ஒரு நாள் ஆறு வருஷப் பொருள் செத்துப்போச்சு என்று பதிமூன்று வருஷப் பொருளையும் சேர்த்துக் காயலான் கடைக்கு அனுப்புவோம். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

அதே அட்டவணையின் குறிப்பிலேயே இருக்கிறது, ஒரு சொத்தின் முக்கியமான பாகத்துக்குத் தனி ஆயுள் இருந்தால் அதைப் பிரித்துத் தனியாகத் தேய்மானம் போடு என்று. 2015 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். வகுப்பில் இதை விமானம், எஞ்சின் என்று உதாரணம் சொல்லி நடத்துவார்கள். நான் மனசுக்குள் எக்ஸ்சேஞ்ச், தகவல் கார்டு என்று மாற்றிப் படித்துக்கொண்டேன். கணக்குப் பதிவியல் ஒத்துக்கொண்டுவிட்டது, சாமான் வாங்குகிறவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிரித்து வாங்க வேண்டும் என்றால், பாகங்களுக்கு நடுவில் உள்ள பாஷை பொதுவாக இருக்க வேண்டும். இதுதான் இந்த முழுச் சண்டையின் மையம். ஈதர்நெட்டின் வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வேகம் ரெண்டாம்பட்சம். அது யாருடைய சொத்தும் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ஒரு கார்டு செத்தால் இன்னொருவரிடம் வாங்கலாம், பத்து மடங்கு வேகம் வந்தால் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றலாம். கம்பெனிக்கே சொந்தமான பாஷையில் கார்டுகள் பேசிக்கொண்டால், ஒரு கார்டு செத்தாலும் அந்தக் கம்பெனி காலில்தான் விழ வேண்டும்.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு இல்லை. அப்பா கணக்குப் பார்க்கிற எடை மேடையில், லாரி எடை காட்டுகிற டிஸ்ப்ளே பெட்டி போன வருஷம் போய்விட்டது. கீழே இருக்கிற எடை உணர்விகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அவை பேசுவது அந்தக் கம்பெனி பாஷை. வேறு எந்தப் பெட்டிக்கும் புரியாது. கம்பெனிக்காரர் (பேர் வேண்டாம்) "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், உணர்வி உட்பட முழு செட்டா மாத்திடுங்க" என்றார். மாற்றினார்கள். நல்ல உணர்விகள் ஒரு சாக்கில் கட்டி, இன்னும் அங்கே மூலையில் கிடக்கின்றன. அப்பா அந்த மாதக் கணக்கை எழுதும்போது முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு: இதே நாடகம் இப்போது செல்போன் கோபுரத்தில் நடக்கிறது. கோபுரத்து உச்சியில் ரேடியோ, கீழே கணக்குப் போடுகிற பெட்டி. ரெண்டுக்கும் நடுவில் பேச 2003-இல் சி.பி.ஆர்.ஐ. என்று ஒரு வழி வந்தது. எழுத்தில் பொதுத் தரம். நடைமுறையில் ஒரு கம்பெனி ரேடியோவும் இன்னொரு கம்பெனி பெட்டியும் சேர்ந்து வேலை செய்வது குதிரைக் கொம்பு. 2017-இல் அதன் அடுத்த வடிவம் ஈ.சி.பி.ஆர்.ஐ.; இது ஈதர்நெட் மேலேயே போகும். 2018-இல் ஓ-ரேன் கூட்டணி தொடங்கியது, யார் ரேடியோவும் யார் பெட்டியோடும் பேச வேண்டும் என்பதற்காக. மறுபடியும் அதே ஆபீஸ் கேபிள்தான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

2025 செப்டம்பர் 27-இல் பி.எஸ்.என்.எல்.-லின் உள்நாட்டு 4ஜி தொடங்கிவைக்கப்பட்டபோது சுமார் 97,500 கோபுரங்கள் என்றார்கள். மையக் கருவி சி-டாட், ரேடியோ தேஜஸ், கோர்த்துக் கொடுத்தது டி.சி.எஸ். சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம். நம் ஊர்ப் பொருள் என்பதில் மாமாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். ஆனால் சுதேசி என்று ஸ்டிக்கர் ஒட்டியதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஆறு வருஷம் கழித்து மேலே இருக்கிற ரேடியோ நன்றாக இருந்து கீழே இருக்கிற பெட்டி மட்டும் கிழடானால், பெட்டியை மட்டும் வேறு யாரிடமாவது வாங்க முடியுமா? ரேடியோவும் பெட்டியும் எந்த பாஷையில் பேசுகின்றன, அந்த பாஷை யார் சொத்து என்று கொள்முதல் ஆவணத்தில் எழுதியிருக்கிறதா? ஒரு கோபுரத்துக்கு என்ன விலை என்று கேட்கிற எல்லாரும் இதையும் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது என்ஜினியர் மட்டும் இல்லை. நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸில் சொத்துப் பதிவேடு எழுதப் போகிற என் கிளாஸ்மேட்டுகளே, நீங்களும்தான். "நெட்வொர்க் கருவி, ஒன்று" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எத்தனை வருஷம் வரும் என்று கேட்டு வாங்கிப் பிரித்து எழுதுங்கள். அப்படி எழுத ஆரம்பித்தால்தான் வாங்குகிறவன் பிரித்து வாங்குவான்.

ஊரிலிருந்து கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாப் வரை வந்தார். மேக்ஸ்-என்.ஜி. பற்றி நான் அண்ணனோடு கத்திக்கொண்டிருந்ததைக் கொல்லையிலிருந்து கேட்டிருப்பார் போல. "லைன் கார்டு நம்முளுதையே வெச்சுக்கிட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். தாம்பரம் போகிற பஸ் வந்துவிட்டது.

டிஸ்கி: மேலே போட்ட கணக்கில் எச்.டி.எல்.சி.-யின் முன்பின் கொடி பைட்டுகளை விட்டுவிட்டேன், அதையும் சேர்த்தால் 64 கிலோபிட் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகும். அழைப்புக்கு 20 தகவல் என்பது நானாக வைத்துக்கொண்டது. யாராவது நிஜ எண்ணிக்கை தெரிந்தவர்கள் சொன்னால் கணக்கை மறுபடி போடுகிறேன். அண்ணன் சொன்னால் மட்டும் ஏற்க மாட்டேன் :-)